பந்தலுக்குப் பத்தாத சத்தம்

தங்கையின் கல்யாணத்துக்கு ரேடியோ செட் வேண்டாம் என்று சொன்னது நான்தான். எங்கள் பக்கத்தில் ரேடியோ செட் என்றால் தென்னை மரத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கி. கொழிஞ்சாம்பாறைக் கடைவீதி வரைக்கும் கேட்கும்.

"அதெல்லாம் பழசுங்கப்பா. நம்ம டேப்பே போதும்" என்றேன்.

துபாயில் இருந்த அத்தை மகன் லீவில் வந்தபோது கொடுத்த டேப் ரெக்கார்டர் அது. எழுபதுகளின் கடைசி. கேசட் போட்டுக் கேட்கும் பெட்டி எங்கள் ஊரில் வேறு யாரிடமும் இல்லை. தோல் உறை, தோளில் மாட்ட வார் எல்லாம் உண்டு. பாலக்காட்டில் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். அதை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினால் மட்டும் கம்பெனியே என்னுடையது போல ஒரு நினைப்பு.

"பந்தல் பெருசு. கேக்குமா?" என்றார் அப்பா.

"காது கிழிஞ்சுருமுங்க."

என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வைத்தால் ஓடு அதிரும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொன்னேன். இங்கிலீஷ் தெரிந்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அப்பாவும் நம்பிவிட்டார்.

கல்யாணத்தன்று காலையில் பந்தலின் முன்னால் மேஜை போட்டு, பெட்டியை வைத்து, அதற்கு ஒரு முழம் கனகாம்பரமும் சுற்றினேன். பொத்தானை அழுத்தினேன். எனக்கு நன்றாகத்தான் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அத்தை வந்தார்.

"ஏஞ்சாமி, பாட்டு எப்பப் போடுவே?"

"பாடிட்டுத்தானுங்க இருக்குது."

அத்தை குனிந்து காதை வைத்துப் பார்த்தார். "அட, ஆமா" என்று, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தடவுவதைப் போல பெட்டியைத் தடவிவிட்டுப் போனார்.

என் சிநேகிதன் ஒருவனிடம் கெட்டுப்போன ரெக்கார்டு பிளேயரின் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கோழியைக் குஞ்சுகளோடு அடைத்து வைக்கலாம். சைக்கிளில் கொண்டுவந்து, காதில் மாட்டும் ஒயருக்கான துளையில் இணைத்தோம். பெட்டி பெரிதானால் சத்தமும் பெரிதாகும் என்று சுற்றி நின்றவர்களுக்கு விளக்கினேன். இருந்த கொஞ்சநஞ்சச் சத்தத்தையும் இரண்டு பெட்டிகளும் பாகம் பிரித்துக்கொண்டன. போர்வைக்குள் படுத்துப் பாடுகிறவரைப் போல ஆகிவிட்டார் பாடகர். ஸ்பீக்கர் வெறும் வாய்தான், அதற்குத் தெம்பு கொடுக்க ஆம்ப்ளிஃபயர் என்று ஒன்று நடுவில் வேண்டும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு, கோளாறு சத்தம் கூட்டும் திருகில்தான் என்று முடிவு செய்து, திரும்ப வேண்டிய அளவுக்கு மேலும் திருப்பினேன். திருகு கையோடு வந்துவிட்டது. சத்தம் இன்னும் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது.

பிறகு சமையலறையிலிருந்து இரண்டு அண்டாவைத் தூக்கி வந்து ஸ்பீக்கர்களை அதற்குள் இறக்கினேன். கொஞ்சம் கணகணவென்றது. சமையல்காரர் பின்னாலேயே வந்தார்.

"சாம்பாரை எதுலீங்க ஊத்தறது?"

அண்டாவைக் கொடுத்துவிட்டேன். அதன்பிறகுதான் அந்த யோசனை வந்தது. பாட்டின் சத்தத்தைக் கூட்ட முடியாவிட்டால் என்ன, சனங்களின் சத்தத்தைக் குறைக்கலாமே! பந்தலில் வரிசை வரிசையாகப் போய், "கொஞ்சம் பேசாம இருங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். பெண்கள் சிரித்தார்கள். குழந்தைகள் இன்னும் கத்தினார்கள். முன்வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்ந்து நெல் விலையைப் பற்றி உரத்துப் பேசிக்கொண்டிருந்தார். அவரிடமும் போய் வாயில் விரலை வைத்துக் காட்டினேன்.

அந்தப் பக்கம் முழுக்க அமைதியாகிவிட்டது. பாட்டு தெளிவாகக் கேட்டது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏனுங்க சம்மந்தி, உங்கூட்டுக்கு வந்தா வாயைப் பொத்திட்டு உக்காரோணுமுங்களா?"

அப்பா ஓடி வருவதற்குள் அவர் ரோட்டுக்குப் போய்விட்டார். "எல்லாரும் வேன்ல ஏறுங்க!" என்ற குரலுக்கு எந்த ஆம்ப்ளிஃபயரும் தேவைப்படவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். அதற்குப் பதில் அடித்திருக்கலாம்.

ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பெட்டியோடு ஓடினேன். வேன் கதவருகே அவரைப் பிடித்தேன்.

"மாமா, உங்களைச் சொல்லலீங்க. பாட்டுக் கேக்கோணுமேன்னு சொன்னனுங்க."

"எந்தப் பாட்டு?"

"இதுங்க."

பெட்டியை அவர் காதருகே பிடித்தேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது எப்ப இருந்து பாடுது?"

"காத்தால இருந்துங்க."

முதலில் அவர் வயிறுதான் குலுங்கியது, பிறகு சிரிப்பு வெளியே வந்தது. வேனில் ஏறியவர்களும் இறங்கிவந்து சிரித்தார்கள். "இதுக்கா எங்க வாயைக் கட்டப் பாத்தீங்க மாப்ளே?" என்று பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பந்தலுக்குத் திரும்பினார். தாலி கட்டும்போது மேளக்காரர்கள் மேளம் கொட்டினார்கள். அந்த நேரத்தில் என் பெட்டி அவர் மடியில் இருந்தது. சாப்பிடும்போது இலைக்குப் பக்கத்தில் இருந்தது. பேட்டரிக் கட்டை தீர்ந்து பாட்டு இழுத்துக்கொண்டு போன பிறகே திருப்பிக் கொடுத்தார். "பாடறவருக்குத் தூக்கம் வந்துருச்சாட்ட இருக்குது" என்றார்.

சாயங்காலம் தங்கை அழுது முடித்து வேனில் ஏறினாள். ஜன்னலில் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அந்தப் பெட்டியை நாங் கொண்டு போகட்டுமா?"

"சத்தமே வராதே, பாத்தியல்ல?"

"அதுக்குத்தான் கேக்கறேன். புது ஊட்டுல சத்தமா வெச்சாத் தப்பா நெனப்பாங்க. இதுன்னா எனக்கு மட்டும் கேக்கும்."

காலையிலிருந்து அந்தப் பெட்டியைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. உறையோடு எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன். புதுக் கட்டை வாங்கிப் போடச் சொன்னேன். அவள் அதை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள்.