ஏழாவது இலக்கம்

என் தம்பி ஓட்டிய போர்வெல் ரிக்கு வண்டி வடக்கே எங்கோ கவிழ்ந்து தீப்பிடித்து இரண்டு நாளாகியிருந்தது. வண்டியில் இருந்த நால்வரில் ஒருவர் பிணவறையில்; மூவர் நினைவில்லாமல் வெவ்வேறு ஆஸ்பத்திரிகளில். யார் எங்கே என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லும் நிலையில் உடல் இல்லை.

மூன்றாம் நாள் பகலில், அங்கே போய்ச் சேர்ந்திருந்த ரிக்கு மேனேஜர் பிணவறை வாசலிலிருந்து பேசினார். சட்டைப்பையில் பாதி எரிந்த ஆதார் அட்டையாம். பெயர் போய்விட்டது, எண் மட்டும் மிச்சம். ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். தம்பி மனைவி தம்பியின் அட்டை ஜெராக்ஸில் விரலை நகர்த்திக்கொண்டே வந்தாள். ஏழாவதில் விரல் நின்றது.

"எட்டுங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"எட்டுத்தானுங்க."

"நம்மளுது ஆறுங்க மாமா!" என்று என் பக்கம் திரும்பினாள். அதற்குப் பிறகு அவர் படித்த மிச்ச ஐந்தும் அப்படியே பொருந்தியதை அவள் கவனிக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் தீர்ப்பே எழுதிவிட்டார். "நம்மூரு கேம்புல வரிசையா நின்னு எடுத்ததுங்க. ரேசன் கார்டாட்டம் நெம்பரு அடுத்தடுத்துத்தான் வரும். கூடப் போன வேற ஆளுதாத்தான் இருக்கும். அம்மணி, போயி மொதல்ல சோத்தைத் தின்னு."

முப்பத்தைந்து ஆண்டுகள் தாலுகா அலுவலகத்தில் இருந்தவன் நான். இந்தப் பன்னிரண்டு இலக்க எண் வரிசையில் வருவதில்லை. முதல் பதினொன்றையும் ஒரு கணக்கில் போட்டுத்தான் கடைசி இலக்கத்தை எடுப்பார்கள். எந்த ஓர் இலக்கத்தை மாற்றினாலும் கணக்கு உதைக்கும். ஆகவே உண்மையான இரண்டு எண்கள் ஒரே ஓர் இலக்கத்தில் மட்டும் வேறுபடவே முடியாது. மேனேஜர் படித்த எண் இந்த நாட்டில் எவருக்கும் கிடையாது. இதைச் சொல்லி எத்தனையோ மனுக்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கொஞ்சம் பெருமையாகவே.

இருந்தாலும் என் பழைய டைரியில் இருந்த அட்டவணையைப் பார்த்து, மின்கட்டண ரசீதின் பின்புறம் இரண்டு எண்களையும் போட்டுப் பார்த்தேன். சரியான எண் பூஜ்யத்தில் முடிய வேண்டும். தம்பியுடையது முடிந்தது. மற்றது முடியவில்லை. மறுபடியும் போட்டேன். என் கணக்கில் தப்பு இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "என்னத்தைங்க மாமா கூட்டிட்டே இருக்கறீங்க? அதான் நெம்பரே வேறன்னு ஆயிப்போச்சே."

"சும்மா அம்மணி. நீ சாப்பிடு."

முறைப்படி உடனே விசாரித்திருக்க வேண்டும். அவள் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள், ரசம் ஊற்றினாள். காத்திருந்தேன். கை கழுவும் சத்தம் கேட்ட பிறகு வாசலுக்குப் போய், மேனேஜரைக் கூப்பிட்டு, ஏழாவது இலக்கத்தைத் துடைத்துவிட்டுப் படிக்கச் சொன்னேன்.

அட்டையைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"கரி ஒட்டியிருந்துச்சுங்க. ஆறுங்க."

ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அவள் வெளியே வந்தாள். "ஆஸ்பத்திரீல இருந்து அவருங்களா மாமா பேசறாரு?"