தண்ணி தெளிக்காதை

போன கிழமை தோசை சுட்டுக்கொண்டு நின்றபோது கைபேசியில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் என் பழைய முதலாளி ஸ்வென்னின் மகள். படத்தில் ஓர் இரும்பு மெஷின். அதன் முகப்பில் வெள்ளைப் பெயின்டில் தமிழில் இரண்டு வரிகள். கீழே டேனிஷில் கேள்வி: "இதை வாங்கிய சுவீடன்காரர் பெயின்ட் அடிக்கப் போகிறாராம். இது என்ன மொழி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார். உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியுமாவா! எழுதினவளே நான்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு நின்றதில் தோசை கரியாகிவிட்டது. அந்த மெஷினுக்கும் தோசைக்கும் உள்ள உறவைச் சொன்னால் அந்தக் கரியை நீங்களும் மன்னிப்பீர்கள்.

அது துப்பாக்கிக் குண்டு, எங்கள் பேச்சில் சன்னம், வார்க்கும் மெஷின். பயப்படாதீர்கள். கரிமருந்தைக் குழாயின் வாய்வழியாகக் கொட்டி, அதன்மேல் ஈயச் சன்னத்தைக் கோலால் தள்ளிச் சுடுகிற பழங்காலத் துப்பாக்கிகள் இருக்கின்றனவே, அவற்றுக்கான சன்னம். இந்த நாட்டில் அதற்கென்றே கழகங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கடதாசி வட்டங்களைச் சுட்டுவிட்டு, புகைக்குள் நின்று கோப்பி குடிக்கும் சாதுவான மனிதர்கள். அவர்களுக்குச் சன்னம் வார்த்துக் கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றை வைலே நகருக்கு வெளியே ஸ்வென் நடத்தினார். என்னை மூன்று மாத வேலைப் பயிற்சிக்கு அங்கே அனுப்பியது கொம்யூன் என்கிற நகரசபை.

வீட்டில் சொன்னதும் அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிவிட்டார்.

"சன்னத்துக்குப் பயந்து பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தனான். நீ இஞ்ச இருந்து அதையே வார்க்கப் போறியோ?"

"கடதாசியைத்தான் சுடுறவையாம் அப்பா."

"முதல்ல அப்பிடித்தான் சொல்லுவினம்!"

அப்பாவில் பிழை இல்லை. எனக்கும் முதல் நாள் அந்தப் பளபளப்பான சன்னக் குவியலைத் தொட மனம் வரவில்லை. ஆனால் எனக்கு வேலை வேண்டும். யாழ்ப்பாணத்தில் எனக்கு நிச்சயித்தவர் காத்துக்கொண்டிருந்தார். நிரந்தர வேலைக் கடிதம் இல்லாமல் அவரை அழைப்பதற்கான விண்ணப்பத்தை நகர்த்தவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் தொலைபேசியில் வந்தால் முதல் கேள்வி, "கடிதம் கிடைச்சுதோ?" இரண்டாவது, "நீர் அங்க என்ன வேலை செய்யிறீர்?" அந்தப் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துத் தொலைபேசியில் சன்னம் என்ற சொல்லை எந்த விசரி சொல்லுவாள்? "உலோகச் சாமான்" என்றேன். அவர் நான் சட்டி பானை செய்கிறேன் என்றே நம்பியிருந்தார்.

மெஷினின் வேலை பார்க்க அழகு. மேலே ஈயம் உருகி நிற்கும் பானை. கீழே இரண்டாகப் பிரியும் அச்சு. அச்சு மூடும், ஈயம் இறங்கும், கொஞ்சம் ஆறும், மேலே தொப்பிபோல மிஞ்சிய ஈயத்தை ஒரு தகடு வெட்டித் தள்ளும், அச்சு திறக்கும், சன்னம் மெத்தென்ற துணியில் விழும். டக், சர்ர், தொப். நாள் முழுக்க இதே பாட்டு. ஈயத்தின் அழுக்கைப் பிரிக்க இடைக்கிடை தேன்மெழுகுத் துண்டு ஒன்றைப் பானைக்குள் போடுவோம். அந்த வாசம் தலைமயிரில் ஏறிவிடும். "கோயிலுக்குப் போட்டு வந்தவள் மாதிரி மணக்கிறாய்" என்று அம்மா சொல்லுவா. கை கழுவாமல் குசினிக்குள் காலடி வைக்கவும் விடமாட்டா.

அச்சு சூடாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சன்னத்தின் தோல் சுருங்கிவிடும். முதல் நாள் ஸ்வென், "அச்சு சூடேறிவிட்டதா பார்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுக்கத் திரும்பினார். இரும்பு சூடேறிவிட்டதா என்று எங்கள் வீட்டில் எப்படிப் பார்ப்பார்கள்? நானும் அப்படியே பார்த்தேன். குடிக்கிற தண்ணீருக்குள் மூன்று விரலை நனைத்து, தோசைக்கல்லில் தெளிக்கிற மாதிரி ஒரு தெளி.

அச்சில் விழுந்தது 'சுர்' என்றது. நல்ல சூடு! பானைக்குள் விழுந்ததுதான் 'படார்' என்றது. ஈயம் துள்ளியது. திரும்பிப் பார்த்த ஸ்வென்னின் தொப்பியில் வெள்ளிப் பொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டது. கண்ணாடி போட்டிருந்ததால் என் கண் தப்பியது. "நை! நை!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து மெஷினை நிறுத்தினார். உருகிய ஈயமும் தண்ணீரும் சேரக்கூடாது என்று சுவரில் பெரிய டேனிஷ் எழுத்தில் அறிவித்தல் இருந்தது. எனக்கு அதை வாசிக்கத் தெரியும். வாசிக்கத்தான் இல்லை.

என் சீட்டு அன்றே கிழியப்போகிறது என்று நினைத்தேன். அவர் கோபம் தணிந்ததும் ஒரு தூரிகையையும் வெள்ளைப் பெயின்டையும் என் கையில் வைத்தார். "எங்கள் மொழி உனக்கு ஏறவில்லை. உன் மொழியில் நீயே எழுது." மெஷினின் முகப்பில் எழுதினேன்: தண்ணி தெளிக்காதை. வெட்கத்தில் அவசரமாக எழுதியதில் எழுத்தெல்லாம் கோணல்.

அதன்பிறகு தண்ணீர்ப் போத்தலையே பட்டறைக்குள் கொண்டுபோகவில்லை. மூன்றாம் மாதம், என் கடைசிக் கிழமையில், பெரிய போட்டி ஒன்றுக்காக நீளமான, பாரமான சன்னம் கேட்டது ஒரு கழகம். ஸ்வென் புது அச்சைப் பூட்டினார். விழுந்த சன்னமெல்லாம் கழிவு. அடிப்பாகம் பிய்ந்து, குழி விழுந்திருந்தது. அடி பழுதானால் சன்னம் நேரே போகாது. செவ்வாய், புதன், வியாழன், வார்ப்பதும் திரும்ப உருக்குவதும்தான். வெப்பமானி சரியான எண்ணைக் காட்டியது. அச்சையும் கழற்றிக் கழற்றிப் பார்த்தார். கடைசியில் என் தலையையும் பார்த்தார். "எண்ணெய் தொட்ட கையால் அச்சைத் தொட்டாயா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அங்கே வந்த நாளிலிருந்து நான் தலைக்கு எண்ணெயே வைக்கவில்லை! அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, என் கடைசி நாள். ஸ்வென் தருவார் என்று நம்பியிருந்த வேலைக் கடிதம் கையைவிட்டுப் போகப்போகிறது. அழுகையைவிட ஆத்திரம்தான் கூட வந்தது. மெஷினின் முன்மூடியைத் தூக்கிவிட்டு, குனிந்து நின்று பார்க்கத் தொடங்கினேன்.

தோசை மாவை ஊற்றினால் முதலில் ஈரமாக மினுங்கும் அல்லவா? வெந்து வரும்போது அந்த மினுக்கம் மங்கும். மங்கமுன் தட்டகப்பையைக் கொடுத்தால் தோசை பிய்ந்துவிடும். இது அரிவரிப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. ஈயத் தொப்பியும் அப்படித்தான் மினுங்கியது. அது மினுங்கிக்கொண்டிருக்கும்போதே தகடு வந்து வெட்டியது, தலைகீழாக வார்க்கும் சன்னத்தின் அடியும் கூடவே பிய்ந்தது!

"வென்ட்! வென்ட்!" என்று கத்தினேன். பொறு என்பதற்கு அதுதான் டேனிஷ். மிச்சத்தைச் சொல்லச் சொல் வரவில்லை. தோசை சுட்டு, பிய்த்து, கையாலேயே நாடகம் நடித்துக் காட்டினேன். ஸ்வென் குனிந்தார். கையால் வார்த்த காலத்தில் அவரும் இதைப் பார்த்து வளர்ந்தவர்தான். மெஷின் வந்தபிறகு வெப்பமானியின் எண்ணை மட்டும் பார்க்கப் பழகிவிட்டார். பழைய சின்னச் சன்னத்துக்கு வைத்த ஆறும் நேரத்தை மாற்ற மறந்திருந்தார். குமிழைத் திருப்பினார். மூன்று விநாடி கூடுதலாக.

டக், சர்ர்... மங்கியது... தொப்.

அடி கண்ணாடிபோல வழவழப்பு. இன்னொன்று, இன்னொன்று. தராசில் மாற்றி மாற்றி வைத்தார், முள் ஒரே இடத்தில் நின்றது. தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். அந்த வெள்ளிப் பொட்டு அதில் இன்னும் இருந்தது.

சனிக்கிழமை போட்டிக்கு அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் சன்னத்தைச் சுட்டவர் பிர்கிட், முன்னாள் பஸ் சாரதி, என் அம்மாவின் வயது. பத்து வெடி. ஒவ்வொன்றுக்கும் அப்பா என் கையைப் பிடித்தார், நான் பிடிவிடவில்லை. புகை விலகியதும் கடதாசியைக் கொண்டுவந்தார்கள். பத்தும் நடுக் கறுப்புக்குள். அப்பா அந்த ஓட்டைகளைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத டேனிஷ்காரரிடம் திரும்பி, தனக்குத் தெரிந்த டேனிஷில் மார்தட்டினார்: "என் மகள்! செய்தது என் மகள்!"

திங்கட்கிழமை கடிதம் வந்தது. தூரிகையும் கூடவே வந்தது. இரண்டாவது வரியையும் எழுதச் சொன்னார் ஸ்வென். மினுக்கம் மங்கட்டும், பொறு. இம்முறை அவசரப்படாமல் எழுதினேன். அடுத்த ஆண்டு என்னவர் வந்து இறங்கினார். விமான நிலையத்திலேயே உண்மையைச் சொன்னேன். "அடி ஆத்தை! சட்டி பானை எண்டெல்லோ ஊரெல்லாம் சொல்லி வைச்சிருக்கிறன்!" என்றார்.

இப்போது ஸ்வென் இல்லை. ஈயத்தின்மேல் இருந்த பிரியமும் இந்த நாட்டுக்குக் குறைந்துவிட்டது. பட்டறை இருந்த இடத்தில் பிள்ளைகள் பாடெல் என்கிற மட்டைப்பந்து அடிக்கிறார்கள்; போன மாதம் அந்த வழியால் போனபோது இறங்கி மணந்து பார்த்தேன், ரப்பர் வாசம்தான். அப்பாவும் போய்விட்டார். அந்தக் கடதாசி வட்டத்தைக் கடைசிவரை தன் அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார்.

இதில் பாதியை ஆங்கிலத்தில் அடித்து அந்தச் சுவீடன்காரருக்கு அனுப்பினேன். முந்தாநாள் பதில் வந்தது. அவருக்கும் சன்னம் பிய்ந்துகொண்டிருந்ததாம். மங்கும்வரை பொறுத்தாராம், இப்போது பிழையே இல்லையாம். கூடவே ஒரு படம். மெஷின் முழுக்கப் புதுப் பச்சைப் பெயின்ட். என் எழுத்து ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் அதே இடத்தில் அதே இரண்டு வரிகளையும் பழைய படத்தைப் பார்த்துத் தன் கையாலேயே எழுதியிருக்கிறார், மனுசன்! 'ட்'டுக்குப் புள்ளி விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னவரிடம் கைபேசியை நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டு, நிதானமாக வாசித்துவிட்டுச் சொன்னார்:

"உம்மட எழுத்தைவிட வடிவாத்தான் இருக்கு."