பாருக்குட்டியம்மா வளவில் ஒரு பேறுகாலம்

திருவனந்தபுரத்தில் நான் இரண்டாவது பிள்ளை பெற்ற சமயத்தில், எங்கள் வீட்டுப் படிக்கு வந்து நின்றவர்கள் யாரும் என் கணவரைத் தேடவில்லை. பால் கொண்டுவருகிற அம்மாள், கூரைக்கு ஓலை முடைகிறவர், மாங்காய் பறிக்க வந்தவர், எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: “அம்மாவனில்லே இவிடெ?” அவர்கள் கேட்பது தாய்மாமனை. என் கணவர் முகப்பில் நாற்காலி போட்டு, மூக்குக் கண்ணாடியோடு, முழு ஆளாக உட்கார்ந்திருப்பார். வந்தவர்கள் அவரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டு, அவர் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். உள்ளேயிருந்து என் தம்பி சங்கரன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வருவான். அவனைக் கண்டதும் அவர்கள் தோளில் கிடக்கிற துண்டு இடுப்புக்கு இறங்கும். ஊரில் அவன் பி.ஏ. பரீட்சையில் இரண்டு தடவை தோற்று, அப்பா கண்ணில் படாமல் கொல்லை வழியாக வீட்டுக்குள் நுழைகிறவன்.

திருநெல்வேலியில் இருக்கிற நீங்கள் இதைப் படித்துவிட்டு, நம் ஊரிலும் தாய்மாமனுக்கு மதிப்பு உண்டே என்பீர்கள். உண்டுதான். மடியில் உட்காரவைத்துக் காது குத்துவார், சீர் செய்வார், நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் வண்டியேறிவிடுவார். இந்த ஊரில் அப்படியில்லை. எங்கள் வீட்டுக்காரி பாருக்குட்டியம்மாவின் ஜனங்களுக்குச் சொத்து பெண் வழியில் போகிறது. வீட்டுக்குப் பெரியவர் பெண்ணின் அண்ணன் அல்லது தம்பி. புருஷன் என்பவர் அந்தி சாய்ந்தபிறகு வந்து காலையில் போய்விடுகிற ஒரு நல்ல மனுஷர். சட்டமெல்லாம் மாறிவிட்டதென்று பத்திரிகை வாசிக்கிறவர்கள் சொன்னார்கள். பாருக்குட்டியம்மா பத்திரிகை வாசிப்பதில்லை.

வலியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தம்மாவின் வளவு. பெரிய வீட்டில் அவர்கள் இருந்தார்கள். கிணற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த சின்ன வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவருக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு வேலை. என் தலைப்பிள்ளை வடிவு, முறைப்படி, என் அம்மா வீட்டில் பிறந்தாள். இரண்டாவதையும் அங்கேதான் பெறுவதாக இருந்தேன். அதற்குள் அண்ணன் மனைவிக்கும் அதே மாதத்தில் நாள் வந்துவிட்டது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேறுகாலம் ஆகாதென்று அம்மா பயந்தாள். அங்கே மருமகளை விட்டுவிட்டு இங்கே வரவும் அவளால் முடியவில்லை. ஆகவே என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர்கள், வந்தார்கள். துணைக்கு, வேறு வேலையில்லாத காரணத்தால், சங்கரன் வந்தான். வந்திறங்கிய அன்றே பாருக்குட்டியம்மா அவனிடம் போய், கிணற்றுக்குப் புதுக் கயிறு போடலாமா என்று கேட்டார்கள். சங்கரன் கயிற்றை இழுத்துப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, போடலாம் என்றான். பிறந்ததிலிருந்து அவனிடம் அபிப்பிராயம் கேட்டவர்கள் அதுவரை யாருமில்லை. அன்று முதல் அவன் நடையே மாறிவிட்டது.

பிள்ளை ஒரு காலை நேரத்தில் பிறந்தது. மருத்துவச்சி கதவைத் திறந்து தலையை நீட்டியதும், பாருக்குட்டியம்மா முற்றத்தில் நின்ற என் கணவரைத் தாண்டிக்கொண்டு சங்கரனிடம் போனார்கள். “அம்மாவா, பெண்குஞ்ஞு. பாக்யம்” என்றார்கள். சங்கரன் ஒரு கதலிப் பழத்தை உரித்து வாயில் வைத்திருந்தான். அதை விழுங்கிவிட்டு, “சந்தோஷம்” என்றான். என் கணவர் பிறகுதான் பக்கத்தில் போய், “என்ன பிள்ளையாம்?” என்று மைத்துனனிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

பாக்கியம் என்ற வார்த்தை கதவிடுக்கு வழியாக என் காதில் விழுந்தது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வடிவு பிறந்தபோது, பெண் என்று சொன்னதும் அப்பா, “மகாலட்சுமி” என்றார். உடனே குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் புறப்பட்டுவிட்டார். அன்று மழையும் இல்லை, ஆபீசும் இல்லை. தலைப்பிள்ளைக்கே அப்படி. இரண்டாவதும் பெண் என்றால் என்ன ஆகும் என்று மாதக்கணக்காக எனக்குள் ஒரு கலக்கம் இருந்தது. இங்கே அடுத்த வீட்டம்மாள் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க ஆள் அனுப்புகிறார்கள். என் மாமியாரோ பிள்ளையைத் துடைத்து, துணியில் சுற்றி, என் பக்கத்தில் கிடத்தினார்கள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். கை ஒரு குறையும் வைக்கவில்லை. முகத்தை மட்டும் அடுப்படியிலேயே விட்டுவிட்டு வந்ததுபோல இருந்தது.

உடம்பு தேறுகிற காரியத்தில் இரண்டு தேசங்களுக்கும் ஒத்துப்போகவில்லை. அத்தை கொண்டுவந்தது திருநெல்வேலிப் பத்தியம்: ஒரு கைப்பிடிச் சோறு, பூண்டுக் குழம்பு, சுக்கும் மிளகும் திப்பிலியும் இடித்த மருந்து உருண்டை. தண்ணீர் கேட்டால் சுடவைத்து அரை டம்ளர். “பச்சை உடம்புக்காரி தண்ணியக் குடிச்சா ஜன்னி கண்டுரும்” என்பார்கள். பாருக்குட்டியம்மாவின் ஊரில் பெற்றவளைத் தண்ணீராலேயே தேற்றுவார்கள். தலையோடு கால் எண்ணெய் தேய்த்து, இலைகளெல்லாம் போட்டு அண்டா நிறையக் கொதிக்கவைத்த தண்ணீரை ஒரு பெண்பிள்ளை அள்ளி அள்ளி இடுப்பில் வீசி அடிப்பாள். பிறகு வெந்தயக் கஞ்சி. அத்தை அந்த அண்டாவைப் பார்த்து, “இது பிள்ளை பெத்தவளுக்கா, நெல்லு அவிக்கவா?” என்றார்கள். பாருக்குட்டியம்மா என் சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. காலையில் மலையாளத்து வெந்நீரும் மத்தியானம் தமிழ்நாட்டுக் கைப்பிடிச் சோறுமாக நாள் போயிற்று. அத்தைக்குப் பேச்சுத்துணைதான் இல்லை. வலியசாலை அக்கிரகாரத் தெருவுக்குப் போனால் தமிழ் கேட்கலாம் என்று ஒருநாள் போனார்கள். திரும்பி வந்து, “அதுவும் பாதிதான் புரியுது” என்றார்கள்.

பேறுகால அறைக்குள் வெளியாட்கள் வருவதில்லை. பாருக்குட்டியம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று மர அழிகளின் வழியாகத்தான் பேசுவார்கள். அப்படி ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்: “மோளே, கழிச்சோ?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதையெல்லாம் ஜன்னலில் நின்று கேட்பார்களா என்று நினைத்தேன். ஆனால் கேட்டவர்கள் பெண்பிள்ளை. எனக்கும் அந்தக் கஷ்டம் இருக்கத்தான் செய்தது. பிள்ளை பெற்றதிலிருந்து வயிறு இளகவே இல்லை; அத்தையிடம் சொல்லவும் கூச்சம். “இல்லை” என்றேன்.

“இந்நலெயோ?”

“நேத்தும் இல்லை. பிள்ளை பிறந்ததில இருந்தே இல்லை.”

அந்தம்மாவின் முகம் சிவந்ததைப் பார்த்தேன். என் வயிற்றின்மேல் இவ்வளவு கரிசனமா என்று நெகிழ்ந்துகூடப் போனேன். மறு நிமிஷம் முற்றத்தில் சத்தம் கேட்டது. பாருக்குட்டியம்மா அடுப்படி வாசலில் நின்று, “பெண்ணு பிறந்நதினு பட்டினியோ?” என்று என் மாமியாரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அத்தைக்கு மலையாளம் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியில் பெண்ணும் பட்டினியும் இருந்தன. இரண்டும் தமிழிலும் அதேதான். “ஏளா, இவ என்ன சொல்லுதா? நான் பட்டினி போடுதேனா?” என்று அத்தை கரண்டியோடு வெளியே வந்தார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமல் இரண்டு பேரும் பேசினார்கள். பாருக்குட்டியம்மா முறைப்படி வழக்கைக் குடும்பத்துப் பெரியவரிடம் கொண்டுபோனார்கள். சங்கரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டான். பிறகு ஜன்னலண்டை வந்து, “அக்கா, நீ அந்தம்மாகிட்ட என்ன சொன்ன?” என்றான். நான் எப்படிச் சொல்வேன்? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதைப் பார்த்த பாருக்குட்டியம்மா, மாமியாருக்குப் பயந்து வாய் திறக்கவில்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்த என் கணவர் ஒரே வளவில் இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதையும், மைத்துனன் கன்னத்தில் கை வைத்து யோசிப்பதையும் கண்டார். ஜன்னலுக்கு வந்து, “அந்தம்மா என்ன கேட்டா? வார்த்தை மாறாமச் சொல்லு” என்றார். சொன்னேன். அவர் அழியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. “இங்க கழிக்கிறதுன்னா சாப்பிடுறது” என்றார். அத்தனை வருஷம் அந்த ஊரில் இருந்தும் அது எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், பாருக்குட்டியம்மா அதுவரை என்னை, சாப்பிட்டாயா என்பதற்கு, “உண்டோ” என்றுதான் கேட்டு வந்தது. பிறகு அவர் போய் அந்தம்மாவிடம், வெளிக்குப் போகிற விஷயத்தை ஒரு கௌரவமான ஸ்திரீயிடம் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னார். விஷயம் இலக்கை அடைந்ததும், பாருக்குட்டியம்மா முண்டின் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு எனக்கு அறைக்குள் கேட்டது. சிரித்து முடித்து, வெந்நீரில் விளக்கெண்ணெய் கலந்து என் கணவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். அந்த வீட்டில் அவரை நம்பி ஒரு வேலை கொடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

அத்தை சிரிக்கவில்லை. விளக்கேற்றியபின் அறைக்குள் வந்து, கதவோரம் கால் நீட்டி உட்கார்ந்தார்கள்.

“நான் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தேனோ?” என்று கேட்டார்கள்.

நான் பிள்ளையின் துணியைச் சரிசெய்தேன்.

“இவனுக்கு மூத்தது மூணும் பொட்டைதான் எனக்கு. மூணாவதப் பெத்துக் கெடக்கும்போது எங்க மாமியா ஒலையில அரிசியக் கொறச்சுப் போட்டா. ஒவ்வொரு வேளையும். தெருவில எல்லாத்துக்கும் தெரியும். ஒருத்தி வந்து வாசல்ல நிக்கலை.” பெரிய வீட்டுப் பக்கம் தலையைக் காட்டி, “இவ வந்து நிக்கா பாரு” என்றார்கள்.

கோபமாகச் சொன்னார்களா, மெச்சிச் சொன்னார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பிறகு கையை நீட்டி, “குடு அத” என்றார்கள். பிள்ளையை மடியில் போட்டு, விளக்கு வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். “மூக்கு எங்க வீட்டு மூக்கு” என்றார்கள்.

மறுநாள் காலையில் அத்தை ஒரு தட்டில் ஊரிலிருந்து கொண்டுவந்த அதிரசத்தை எடுத்துக்கொண்டு பெரிய வீட்டுக்குப் போனார்கள். பாருக்குட்டியம்மா முன்னால் தட்டை வைத்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், “கழிச்சோ?” என்று கேட்டார்கள். என் மாமியார் பேசிய முதல் மலையாள வார்த்தை அது. அதன்பின் அந்த இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு எனக்கு ஊட்டியதில், நான் எழுந்து நடமாடத் தொடங்கியபோது என் பழைய ரவிக்கை ஒன்றுகூடக் கை நுழையவில்லை.

தீட்டுக் கழித்த அன்று பாருக்குட்டியம்மா முதல்முதலாகக் குழந்தையைக் கையில் வாங்கினார்கள். வாங்கினவர்கள் நெடுநேரம் திருப்பித் தரவில்லை. அந்தம்மாவுக்கு நாலும் ஆண். பிள்ளைகளின் பிள்ளைகளெல்லாம் அவரவர் தாய்வீட்டுக் கணக்கு. “எனிக்கு நாலும் ஆணாணு மோளே. ஈ வீடு என்னோடெ தீரும்” என்றார்கள். நாலு ஆண் பெற்ற வயிறு என்று எங்கள் தெருவில் ஆரத்தி எடுத்திருப்பார்கள். அவர்கள் என் சின்னவளின் உள்ளங்காலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு, “ஒந்நு இவிடெ வச்சிட்டுப் போ” என்றார்கள். விளையாட்டாகத்தான் சொன்னார்கள். அத்தைக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

குழந்தைக்குத் தலை நின்றதும், அம்மாவிடம் காட்டிவரத் திருநெல்வேலிக்குப் புறப்பட்டோம். சங்கரன் வர மறுத்தான். ஊரில் அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கேயோ பலாமரத்தை வெட்டுவதா விடுவதா என்று பாருக்குட்டியம்மா அவனைக் கேட்டிருந்தார்கள். அதை முடிக்காமல் எப்படி வருவது என்றான். கடைசியில் என் கணவர் அவனைக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார்.

புனலூர் தாண்டியதும் எதிரில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், “குஞ்ஞு ஆணோ பெண்ணோ?” என்று கேட்டார். பெண் என்றேன். “மூத்ததோ?” அதுவும் பெண் என்றேன். அந்த அம்மாள் வடிவின் கன்னத்தைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆரியங்காவு தாண்டி மலைக் குகைக்குள் ரயில் நுழையும்போது, புகை வராமலிருக்க எல்லோரும் ஜன்னல்களை இறக்கினார்கள். ஒரே இருட்டு. குழந்தை அழவில்லை, அதன் மூச்சு மட்டும் என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. செங்கோட்டையில் அந்த அம்மாள் இறங்கிவிட்டார். தென்காசியில் அதே இடத்தில் ஒரு கூடையோடு வேறொரு பெண் வந்து உட்கார்ந்தாள்.

“என்ன பிள்ள?”

“பெண்பிள்ளை.”

“மூத்தது இதா? இதும் பொட்டையா? சரி விடு, அடுத்தது பையனாப் போவுது” என்று என் முழங்காலைத் தட்டினாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். நான் வடிவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அத்தைதான் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “பாக்யமாக்கும்” என்றார்கள்.

அந்தப் பெண் அத்தையை ஒருமாதிரியாகப் பார்த்தாள். “எந்த ஊரு நீங்க?” என்றாள்.

“திருநெல்வேலி” என்றார்கள் அத்தை. “திருவனந்தபுரம்” என்றேன் நான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, அதுவாவது சரியாகச் சொல்லும் என்பதுபோல, குனிந்து என் மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தாள்.