ஈரத் துண்டுப் பாட்டுக்கு ஒரு கைதட்டல்

அன்று மாலை நாற்பத்தைந்தாம் தெருவில் எழுந்த கைதட்டலில் ஹட்சன் ஆறு ஒரு முழம் பின்வாங்கியது, புறாக்களெல்லாம் நியூ ஜெர்சிக்கே குடிபெயர்ந்துவிட்டன என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். ஆறு இருந்த இடத்திலேயே இருந்தது. புறா ஒன்று பறந்தது. அதுவும் யாரோ ரொட்டித் துண்டு வீசியதால். ஆனால் என் தோழி ரோவீனா பிளாட்கின் அந்தக் கைதட்டலுக்காக முக்கால் ஆயுள் காத்திருந்தாள் என்பதில் கூட்டல் ஒன்றும் இல்லை.

ரோவீனா அந்தத் தெருவிலுள்ள ஒரு நாடக அரங்கில் இருக்கை காட்டுகிறவள். கறுப்பு உடுப்பு, வெள்ளைக் காலர், கையில் டார்ச். அதற்கு முன்பு அவள் அதே அரங்கின் மேடையில் நின்றிருக்கிறாள், ஒரே ஒரு மாலை. 'கோனி தீவுக் கோடை' என்ற இசை நாடகம் முதன்முதலாக அரங்கேறவிருந்த சமயம் அது. கடற்கரைக் குளியலறையில் துண்டு கொடுக்கும் பெண் வேடம் அவளுக்கு. ஒரே பாட்டு. யாரோ மறந்துவிட்டுப் போன ஈரத் துண்டைக் காயப்போட்டபடி பாட வேண்டும். அரங்கேற்றத்துக்கு முன் சீட்டு விற்று நடத்திப் பார்க்கும் முதல் முன்னோட்டக் காட்சியில் பாடி முடித்தாள். ஒரு கைகூடத் தட்டவில்லை. மறுநாள் மதியமே பாட்டை வெட்டிவிட்டார்கள். பாட்டோடு வேடமும் போயிற்று. நாடகம் வருஷக்கணக்கில் ஓடியது, இசைத்தட்டு வீடு வீடாகப் போனது. அதில் அந்தப் பாட்டு இல்லை.

ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்று டார்ச்சைக் கையில் எடுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"மேடையில நின்னா கைதட்டல் மழை மாதிரி மூஞ்சியில அடிக்கும்டி தெல்மா" என்பாள் என்னிடம். "பின்னால கதவோரம் நிக்கிறவளுக்கு, அடுத்த தெருவுல மழை பெய்யற மாதிரி. சத்தம் மட்டும்தான்."

இந்த வருஷம் அந்த நாடகத்தை அதே அரங்கில் மறுபடி போட்டார்கள், வெட்டிய பாட்டையும் சேர்த்து. சேதி கேட்டதும் ரோவீனா என்னைக் கூப்பிட்டாள்.

"முதல் முன்னோட்டத்துக்கு வா. ஆனா அந்தப் பாட்டுக்கு நீ கை தட்டக் கூடாது. என்னைத் தெரிஞ்சவங்க யாருமே தட்டக் கூடாது. முன்பின் தெரியாதவங்க, சீட்டு வாங்கிட்டு வந்தவங்க, அவங்களா தட்டறாங்களான்னு நான் பாக்கணும்."

"தட்டலைன்னா?"

"அன்னைக்கு வெட்டினது சரிதான்னு நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவேன்."

நிம்மதியாம். இவளாவது, நிம்மதியாவது!

முதல் முன்னோட்டத்துக்கு வருகிற கூட்டம் தனி ரகம். இசைத்தட்டைத் தாய்ப்பாலோடு குடித்தவர்கள். விளக்கு மங்கியதற்குத் தட்டினார்கள். இயக்குநர் வந்து, "ஏதாவது நின்னுபோனா பொறுத்துக்கணும்" என்று கெஞ்சியதற்குத் தட்டினார்கள். மேடையில் அமைத்திருந்த கடற்கரை ராட்டினம் சுற்றியதற்குத் தட்டினார்கள். அது பாதியில் மாட்டிக்கொண்டு, நாடகம் நின்று, பொறுத்திருக்கும்படி ஒலிபெருக்கியில் ஒரு குரல் சொன்னதும் தட்டினார்கள் பாருங்கள், அதுதான் உச்சம்.

"இதுக்குத்தாங்க முதல் நாளே வரணும்" என்றார் என் பக்கத்து இருக்கைக்காரர். பச்சை ஸ்வெட்டர், கண்ணெல்லாம் ஈரம். "ராட்டினம் மாட்டினப்போ நான் இருந்தேன்னு சாகற வரைக்கும் சொல்லிக்கலாம்."

"வாயை மூடு ஹோவர்ட்" என்றார் கூட வந்தவர். "அழறதுக்கு முன்னாடியாவது கைக்குட்டையை எடு."

எந்தப் பாட்டு எந்தச் சுரத்தில் முடியும் என்று அவர்களுக்கு மனப்பாடம். கடைசிச் சுரம் காற்றில் இருக்கும்போதே கைகள் தயாராகிவிடும். ராட்டினம் மறுபடி சுற்றியது. கொஞ்ச நேரத்தில் துண்டுக்காரப் பெண் வந்தாள்.

"இது என்ன? ரெக்கார்டுல இல்லையே!" என்றார் ஹோவர்ட், திருட்டுப் போனவர் மாதிரி.

நான் திரும்பிப் பார்த்தேன். கதவோரம் ரோவீனா. மீந்த நிகழ்ச்சிப் புத்தகங்களை மார்போடு அணைத்திருந்தாள். உதடுகள் அசைந்தன. மேடையில் அந்தப் பெண் மூச்சு வாங்கும் இடத்துக்குச் சற்று முன்னாலேயே இவள் மூச்சு வாங்கினாள்.

அந்தப் பாட்டுக்கு உரத்த முடிவு கிடையாது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவிடும். பெண் துண்டை ஒரு உதறு உதறி, நாலாக மடித்து, கம்பியில் போடுவாள். அவ்வளவுதான். அந்தப் பெண் உதறினாள், மடித்தாள், போட்டாள்.

ஒரு சத்தமும் இல்லை.

ஹோவர்டின் கைகள் பாதி உயர்ந்து நின்றன. "முடிஞ்சுடுச்சா?" என்றார் காற்றுக்குரலில். யாருக்கும் தெரியவில்லை. மேடைப்பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று ரோவீனாவும் அப்படித்தான் நின்றிருப்பாள்.

அப்போது யாரோ ஒருவர் கை தட்டினார். பால்கனி தட்டியது, பிறகு கீழ்த்தளம் முழுக்க. ஹோவர்ட் கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தட்டினார். அந்தப் பெண் தலை குனிந்து, ஓயும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ரோவீனா தட்டவில்லை. முகத்தைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மழை அந்த மாலையும் மேடைமேல்தான் பெய்தது. அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்கள் வேறொருத்திக்குத் தட்டினார்கள். இடைவேளையில் என்னருகே வந்தவள், "காலை உள்ள இழுத்துக்கோ தெல்மா, நடக்கிற வழி" என்றாள்.

இதுவரை எழுதியதை நேற்று அவள் சமையலறையில் வாசித்துக் காட்டினேன். ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி கேட்டாள். முடிந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"யாரோ ஒருவராமே? யாருடி அந்த யாரோ? உன் வளையல் சத்தம் எனக்குத் தெரியாதா? நான் டார்ச்சை உன் மூஞ்சியிலயே அடிச்சேன். நீ கையை மடியில வெச்சுக்கிட்டு மேல கூரையைப் பாத்த. அப்புறம் மறுபடியும் ஒரு சத்தமும் இல்ல. இருமல்கூட இல்ல. எனக்கு உசுரே போச்சு. அதுக்கப்புறம்தான் பால்கனிக்காரங்க தட்டினாங்க, அவங்களா. நடுவுல இருந்த அந்த அமைதியை நீ முழுங்கிட்ட. அதைச் சேர்த்து எழுது."