சீனக் காய்கறிக்கு ஒரு தாளிப்பு

வீட்டுக்காரருக்குக் கொழுப்பு ஏறியிருக்கிறது. அடுத்த மாத ரத்தப் பரிசோதனைக்குள் இறங்காவிட்டால் மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால் இன்று மதியம் சீன முறையில் காய்கறி. கோஸ், கேரட், பீன்ஸ், குடைமிளகாய், இஞ்சி, பூண்டு, கொஞ்சம் சோயா சாஸ். எண்ணெய் ஒரே ஒரு தேக்கரண்டி. யூடியூப் சமையலை நான் லேசில் நம்புவதில்லை. ஆனால் இது நன்றாகவே வந்தது. கடித்தால் காய் நறுக்கென்றது.

செட்டியார்பட்டியிலிருந்து நாத்தனார் வந்திருந்தாள். சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"மதினி, காய் வேகவே இல்லையே?"

"இதை இப்படித்தான் சாப்பிடணும்."

"அண்ணன் பல்லு என்னத்துக்கு ஆகும்?"

அதற்குள் மகள் போன் செய்தாள். பேசி முடித்துத் திரும்பினால் அடுப்படியில் கடுகு வெடிக்கிற சத்தம்.

ஒரு குழிக்கரண்டி கடலை எண்ணெயில் உளுந்தம்பருப்பு, மிளகாய் வத்தல், கறிவேப்பிலை. காய் குழைய வெந்து கிடந்தது. மேலே அரைமூடித் தேங்காய்த் துருவல்.

"அவசரத்துல தாளிக்க மறந்துட்டீக மதினி. நான் பாத்துக்கிட்டேன்."

இத்தனை நாளும் பத்தியச் சாப்பாட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்த மனுஷன், இன்று மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"சைனாக்காரன் சாப்பாடு எம்புட்டு ருசி! தினமும் இதையே செய்யி. கொழுப்பு தானா இறங்கிரும்."

நாத்தனாருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பரிசோதனை முடிவு வந்ததும் விளக்கம் கேட்கவேண்டியது சீனாவிடமா, செட்டியார்பட்டியிடமா? நீங்களே சொல்லுங்கள்.