மாடி அறைக்காக ஒரு வாதம்

வாசகரே, நீங்கள் சாட்சி. அந்தப் பெண் யார் என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கு அக்கா முறை, அவ்வளவே. வேலை வாங்கித் தருவதாக அழைத்துச் செல்லப்பட்டு விற்கப்பட்டவள். காவல்துறை மீட்டு வந்தது. பிறகு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி அறையில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நீதிமன்றச் சம்மன் கொண்டுவந்த காவலர், வழக்கு இன்னதென்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர்.

திருச்செங்கோட்டில் பேருந்து ஏறும்போதே என் உரை தயார். சமத்துவம், கண்ணியம், அரசியல் சாசனம். சங்ககிரியில் லாரிகளுக்கு நடுவே பேருந்து நின்றபோது இருப்புக்கொள்ளாமல் எழுந்து நின்றேன். பட்டிமன்றங்களில் நான் தோற்ற மேடைகள் குறைவு.

அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் பேசியதையெல்லாம் வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டு வீட்டுக்காரர் சொன்னார்.

“ஏனுங்க தம்பி, பேச்சு பிரமாதமுங்க. சோடா ஒண்ணு சொல்லட்டுமா? இவங்களுக்கு நான் ஊடு குடுத்தே ஆகணும்னு எந்தச் சட்டத்துல இருக்குதுங்க?”

பாதிக்கப்பட்டவளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது சாசனம். தனிமனிதர் ஒருவர் இதற்காக வீடு மறுக்கக் கூடாது என்று சொல்ல, என் கைக்கு ஒரு பிரிவும் அகப்படவில்லை. மிஞ்சியது அவள் பட்டதைச் சொல்லி அவரை உருக்குவது. அந்த இடத்தில்தான் பேச்சாளன் குரலை உயர்த்துவான். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்பது எங்கள் பயிற்சி. மூச்சை இழுத்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

“மெதுவா சாமி. கொழாய்கிட்ட ஆளுங்க நிக்கறாங்க.”

தெருக்குழாயில் குடங்கள் நிரம்பி வழிந்தன. பெண்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடினேன்.

அவளே பேசினாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

“அக்ரிமெண்ட் தை வரைக்கும் இருக்குதுங்க. அதுவரைக்கும் நான் போறதில்லீங்க. வேணும்னா கேஸ் போடுங்க. கோர்ட்டுக்கு எனக்கு நல்லாவே வழி தெரியுமுங்க.”

“இந்தக் குசும்புக்கு மட்டும் கொறச்சல் இல்லீங்க” என்று முனகியபடி அவர் உள்ளே போனார்.

தை வரை அறை அவளுக்கு நிலைத்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டு வாசல், எந்தக் கேள்வி? பேருந்து நிலையம்வரை அதுவே என்னை அரித்தது. வழியனுப்ப வந்தவளிடம் வாய்விட்டுச் சொன்னேன்:

“இதச் சொல்லி யாரும் ஊடு இல்லைங்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் வர்ற வரைக்கும் மேடையில கேட்டுட்டே இருப்பேன்க்கா. நீ யாருன்னு மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது.”