இரண்டு சீட்டு வண்டியும் என் இடது காலும்

ஐம்பத்தொன்பது வயதுப் பொம்பளைக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று சம்பந்தி கேட்டார். பேங்க்கில் கேட்டார்கள். பூண்டியில் எங்கள் காட்டுக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு, வேலையை விட்டுவிட்டுக் கேட்டார். இருபது வயதுப் பையன் வாங்கினால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அவனுக்கு எதற்காம்? எனக்காவது போய்ச் சேர வேண்டிய இடங்கள் இருக்கின்றன. கொடைக்கானலில் வீடு, பூண்டியில் வெள்ளைப்பூண்டுக் காடு, மலைக்குக் கீழே வடுகபட்டியில் சந்தை. இந்த மூன்றுக்கும் நடுவே முப்பத்தைந்து வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன். யாரையும் இடித்ததில்லை, யாருக்கும் பயந்து ஒதுங்கியதுமில்லை.

அதுவரை என்னிடம் இருந்தது ஒரு செடான். வெள்ளி நிறம், நாலு கதவு. பார்த்தால் கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போகிற வண்டி மாதிரி சாதுவாக நிற்கும். மிதித்தால்தான் தெரியும். பெருமாள்மலை ஏற்றத்தில் டூரிஸ்ட் வேன்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது அது பாட்டுக்கு ஏறிப் போய்க்கொண்டிருக்கும். பின்சீட்டில் என் வீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு படுத்திருப்பார். மலையிலேயே பிறந்தவர்தான், ஆனாலும் மலைப்பாதை அவருக்கு ஆகாது. மூன்றாவது வளைவில் குமட்டல் வந்துவிடும். அதனால் கல்யாணமான நாளிலிருந்து ஓட்டுகிறவள் நான், படுக்கிறவர் அவர்.

பன்னிரண்டு வருடம் உழைத்த அந்த வண்டியின் கியர்பாக்ஸ் போன மழைக்காலத்தில் போய்விட்டது. மதுரை மெக்கானிக் கையை விரித்துவிட்டார். "பார்ட்ஸ் வராதுங்கம்மா. வந்தாலும் தாங்காதுங்க." வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வத்தலக்குண்டு வருகிறவரைக்கும் அழுதேன். வண்டிக்கா அழுகிறாய் என்று யாராவது கேட்டால், ஆமாம், வண்டிக்குத்தான் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் மகன் தயாராக இருந்தான். வட்டக்கானலில் டூரிஸ்டுகளுக்கு ரூம் விடுகிறான். வாயைத் திறந்தால் சேஃப்டி, ரிஸ்க், கம்ஃபர்ட் என்றுதான் வரும். "இனிமே பெரிய வண்டியா எடுத்துருவோம்மா. ஏழு சீட்டு. அப்பா நல்லா கால நீட்டிப் படுத்துக்கலாம். டிரைவர் ஒருத்தரப் போட்டுரலாம். நீங்க எதுக்கு இந்த முட்டிய வச்சுக்கிட்டுக் கெடந்து அலையணும்?"

"முட்டியா? எந்த முட்டி?" என்றேன்.

இடது முட்டி. தேய்மானம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறுவதை அவன் பார்த்திருப்பான் போலிருக்கிறது.

டிரைவர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிரைவர் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? முதல் மாதம் நான் முன்சீட்டில் உட்காருவேன். அடுத்த மாதம் பின்சீட்டுக்குப் போவேன். அப்புறம், "நீங்க எதுக்கும்மா, மூட்டய நானே எறக்கிட்டு வாரேன்" என்பார் அந்த டிரைவர். ஒரு வருடத்தில் காடு குத்தகைக்குப் போயிருக்கும், நான் டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பேன். அப்படிப் போன பெண்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். வண்டியிலிருந்து இறங்கினார்கள், அத்தோடு எல்லாவற்றிலிருந்தும் இறங்கிவிட்டார்கள். நான் இறங்க மாட்டேன்.

"ஏழு சீட்டு எதுக்குலே? ரெண்டு சீட்டுல ஒரு வண்டி எடுக்கப் போறேன்" என்று சொன்னேன். சொல்லும்வரை எனக்கே அது தெரியாது. சொன்ன பிறகு, இதைத்தான் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

"அப்ப அப்பா எங்க படுப்பாரு?"

ஹாலில் படுத்திருந்த அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "என்னைய இழுக்காதீங்கப்பா. எனக்கு பஸ்ஸு போதும். கண்டக்டரு சன்னல் சீட்டு குடுப்பாரு."

மறுநாளே பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். இருபது வருடமாக என் பூண்டு அவர் கடையில் தொங்குகிறது. அவர் மச்சினன் பழனியில் பழைய சொகுசு வண்டிகள் வாங்கி விற்கிறவர். பாய் போனில் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு வண்டி கெடக்குதாம்க்கா. ரெண்டும் கோயமுத்தூர் மில்லுக்காரங்க வச்சிருந்தது. மழையில நனையாத வண்டிங்க. ஓட்டிப் பாத்துட்டு எது புடிக்குதோ எடுங்க. உங்க கையில சாவியக் குடுக்கறதுக்கு எங்களுக்கு என்ன பயம்?"

மகனுக்குப் பயம் இருந்தது. அதனால் ஒரு பந்தயம் கட்டினேன். பழனியிலிருந்து வீடு வரைக்கும் நான் ஓட்டுவேன், அவன் பக்கத்தில் உட்கார வேண்டும். வழியில் ஒரே ஒரு தடவை 'அம்மா, பாத்து!' என்று அவன் கத்தும்படி ஆனால் டிரைவர். ஆகாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவனும் சரி என்றான்.

முதல் நாள் சிவப்பு வண்டி. என்ன வண்டி அது! தரையோடு தரையாகப் பதுங்கி நின்றது. கூரை கெட்டிக்கூரை, கியர் கையால் போடுவது. கதவைச் சாத்தியதும் சீட்டு இரண்டு பக்கமும் விலாவைப் பிடித்துக்கொண்டது. பழனி ரோட்டில் வளைவு ஆரம்பித்ததும் மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று. எஞ்சின் முழங்க முழங்க என் வாயெல்லாம் பல். வடகவுஞ்சிப் பக்கம் எதிரே வந்த காய்கறி வண்டிக்காரர், ஏறுகிற வண்டிக்கு வழிவிடும் மலை வழக்கப்படி ஓரம்கட்டியவர், சேலை கட்டியவள் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்தார். நானும் அடித்தேன். பக்கத்தில் மகன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தான். ஆனால் கத்தவில்லை. கத்துவதற்கு நான் இடம் கொடுக்கவில்லை.

பெருமாள்மலைக்கு மேலேதான் வந்தது வினை. சனிக்கிழமை. வெள்ளி அருவியிலிருந்து ஊர்வரைக்கும் டூரிஸ்ட் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ஒரு முழம் நகரும், நிற்கும். ஏற்றத்தில் ஒவ்வொரு முழத்துக்கும் கிளட்ச். சிவப்பு வண்டியின் கிளட்ச் கல் மாதிரி. மிதித்துப் பிடி, விடு, மிதித்துப் பிடி, விடு என்று ஒன்றேகால் மணி நேரம். பல்லைக் கடித்துக்கொண்டு ரேடியோவில் வந்த பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி நடித்தேன்.

வீடு வந்ததும் மகன் இறங்கி, "ஒத்துக்கறேம்மா, ஒரு தப்புக்கூட இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. இடது காலைத் தூக்கி வெளியே வைக்க என் இரண்டு கையும் தேவைப்பட்டது, அப்படியும் கால் வரவில்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறவள் போல கால் மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு கதவைப் பிடித்து, மதில் சுவரைப் பிடித்து, உள்ளே போய்ச் சேர்ந்தேன். அன்றைக்கு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் நெரிசல் தொடங்கும் முன்பே இறங்கி, சிவப்பைப் பாயின் மச்சினனிடம் விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தோம். கரும்பச்சை. துணிக்கூரை, பட்டனை அழுத்தினால் மடிந்து பின்னால் டிக்கிக்குள் போய்விடும். கியர் தானாக மாறும். கிளட்சே இல்லை. எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்று பழகிய எங்களுக்கு, கியரை வண்டியே முடிவு செய்வது பிடிக்காது. ஆனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நாக்கு மாதிரி இரண்டு பட்டைகள் இருந்தன. விரலால் இழுத்தால் நான் சொல்கிற கியருக்கு வந்தது. சரி, சொன்ன பேச்சுக் கேட்கிற வண்டிதான் என்று கொஞ்சம் கொஞ்சமாக மனசு இறங்கியது. கூரையைத் திறந்துவிட்டேன். யூகலிப்டஸ் வாசனை உள்ளே வந்து உட்கார்ந்தது. முட்டி இருக்கிற இடமே தெரியவில்லை.

அந்த சந்தோஷத்தில்தான் கோட்டை விட்டேன். வடகவுஞ்சி தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. வேகத்தில் வந்து, வளைவுக்கு முன் கியரைக் குறைக்க வேண்டுமென்று நினைத்த மாத்திரத்தில், முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் என் இடது கால் கிளட்சை ஓங்கி மிதித்தது. அங்கே கிளட்ச் இல்லை. அகலமான பிரேக்தான் இருந்தது. வண்டி வளைவின் வாயிலேயே அறைந்தது போல நின்றது. பின்னால் கேரட் ஏற்றி வந்த பிக்கப் கிறீச்சிட்டு, எங்களை ஒட்டி உரசாமல் ஒதுங்கி நின்றது.

"அம்மா, பாத்து!" என்று மகன் கத்தினான். அதே இரண்டு வார்த்தை.

வீடு வந்து சேர்ந்தோம். உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, மெதுவான குரலில் கேட்டான்: "டிரைவருக்குச் சொல்லிரட்டாம்மா?"

"நேத்து சிவப்பு வண்டியில ஒரு தப்பும் பண்ணலன்னு சொன்னேல்ல? நீ உள்ள வந்ததுக்கப்புறம் கா மணி நேரம் அதுக்குள்ளயே கெடந்தேன். முட்டி அப்புடி வலிச்சுச்சு. எறங்க முடியல."

அவன் முகம் மாறிவிட்டது. "ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ டிரைவர்னு ஆரம்பிப்ப. இன்னைக்கு முட்டி வலிக்கவே இல்லலே. காலுக்குப் பழக்கம் மாறல, அம்புட்டுதான். முட்டிய என்னால சரி பண்ண முடியாது. பழக்கத்த மாத்திக்கிருவேன்."

"பந்தயத்துல தோத்துட்டீங்கம்மா."

"ஆமா, தோத்துட்டேன். அதுக்கு? கணக்குப் பரிச்சையில ரெண்டு தடவ பெயிலானவன் இன்னைக்கு வட்டக்கானல்ல பில்லு போட்டுக்கிட்டு இருக்கான். நான் ஏதாச்சும் கேட்டனா?"

ஹாலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. வீட்டுக்காரர்தான். மகன் சிரிக்கவில்லை. அவன் பயந்திருந்தான், அது எனக்கும் புரிந்தது. என் பிடிவாதத்துக்காகக் கேரட் வண்டிக்காரரின் உயிரைப் பணயம் வைக்க எனக்கும் உரிமை கிடையாது. அதனால் நானே சொன்னேன்: "ஒரு வாரம் குடு. ஏழு நாள்ல இந்தக் கால் திருந்தலைன்னா, நீ சொல்ல வேணாம், நானே டிரைவரக் கூப்புட்டு சாவியக் குடுத்துருவேன்."

பாய் பெருந்தன்மையான மனிதர். "ஒரு வாரம் என்னக்கா, பத்து நாள் வச்சுக்கங்க" என்றார்.

வெள்ளனே எழுந்து, டூரிஸ்டுகள் கண் விழிப்பதற்குள் மன்னவனூர் ரோட்டுக்குப் போய்விடுவேன். முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து ஏறி இறங்குவேன். முதல் நாள் நாலு தடவை இடது கால் பிரேக்குக்குப் போனது. இரண்டாம் நாளும் நாலு. டி.வி. முன்னால் நான் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் காலையில் கோபத்தில் இடது கால் செருப்பைக் கழற்றி வீட்டு வாசலிலேயே எறிந்துவிட்டு ஏறினேன். அதில்தான் எனக்கு வழி பிறந்தது. வெறுங்காலில் வண்டியின் தரை சில்லென்று பட்டது. அந்தச் சில்லிப்பு காலுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது, இன்றைக்கு உனக்கு ஒரு சோலியும் இல்லை என்று. அன்றைக்கு ஒரே தடவை. நாலாம் நாள் இல்லை. ஐந்து, ஆறு, ஏழு, ஒன்றுமில்லை. ஏழாம் நாள் மகனை உட்காரவைத்து பெருமாள்மலை வரை இறங்கி ஏறினேன். அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, என் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தான். அது பேசாமல் கிடந்தது.

பச்சையை எடுத்துக்கொண்டேன். சிவப்பு யாரோ திண்டுக்கல்காரருக்குப் போய்விட்டதாம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டி வாங்கினாலும், பேர் மாறி நம்முடையதானதும், முதல் நடை பூண்டுக்குத்தான். ஒரு மூட்டையாவது ஏற்றிச் சந்தையில் இறக்கின பிறகே வீட்டு மனிதர்கள் சவாரி போகலாம். செடானுக்கு முன்னால் இருந்த ஜீப்புக்கு அப்படித்தான் செய்தோம், செடானுக்கும் அப்படித்தான். அதன் டிக்கியில் கடைசிவரை பூண்டு வாசம் போகவில்லை. இந்த வண்டியின் டிக்கியிலோ பாதி இடம் கூரைக்கு. மூட்டை நுழையவில்லை. ஆகவே பேர் மாறி வந்த மறுநாள் விடிகாலையில், மூட்டையை வீட்டுக்காரரும் நானுமாகத் தூக்கிப் பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்தோம். பெல்ட் போடவில்லை என்று வண்டி கீங் கீங் என்று கத்தியது. பூண்டுக்கு பெல்ட் போட்டுவிட்டேன்.

இடது செருப்பைக் கழற்றித் தரையில் விட்டுவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தேன். அப்போது மகன் குளித்து, சட்டை மாற்றி, வெரசா ஓடி வந்தான். முதல் சவாரிக்கு வருகிறானாம். கதவைத் திறந்தவன் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த மூட்டையைப் பார்த்துவிட்டு நின்றான்.

"அப்ப நானு?"

"ரெண்டு சீட்டுதானலே. ஒன்னு எனக்கு, ஒன்னு பூண்டுக்கு. அப்பா பஸ்ஸுக்குப் போறாரு பாரு, கூடப் போ."

திட்டுவான் என்று நினைத்தேன். மெதுவாகக் கதவைச் சாத்தினான். வண்டியைச் சுற்றி என் பக்கம் வந்தான். குனிந்து, தரையில் கிடந்த இடது செருப்பை எடுத்துத் தூசியைத் தட்டி, திறந்திருந்த கூரை வழியாக எட்டி மூட்டையின் காலடியில் போட்டான்.

"கீழ போயி எறங்கறப்ப வேணும்லம்மா" என்றான்.